தோட்டங்களின் உழைப்பையும் திட்டத்தில் எழுதுங்கள்

சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டத்தை வகுக்கும் நகரமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களே,

இன்னும் இருபதாண்டுக் காலத்திற்கு இந்தப் பெருநகரில் எந்த நிலம் வீடாகும், எது கடைவீதியாகும், எது சாலைக்குப் போகும், எது மண்ணாகவே நிலைத்திருக்கும் என்று நிர்ணயிக்கும் மகத்தான பொறுப்பு தங்கள் கைகளில் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. 1976-இல் முதல் முழுமைத் திட்டமும் 2008-இல் இரண்டாவது திட்டமும் வெளிவந்தபோது 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை, 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டுவிட்டபடியால், தாங்கள் வரைபடத்தில் தீட்டும் ஒவ்வொரு வர்ணமும் முன்னோர் தீட்டியதைக் காட்டிலும் ஐந்து மடங்கு பரப்பின்மேல் ஆட்சி செலுத்தப் போகிறது. அவ்வளவு பெரிய காரியத்தில் ஈடுபட்டிருக்கும் தங்களிடம் நான் பிரஸ்தாபிக்க விரும்பும் விஷயம் ஒன்றே ஒன்று: இந்நகரத்தின் தோட்டங்கள் இரவும் பகலும் ஊருக்காகச் செய்துவரும் வேலை, இதுகாறும் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் ஏறியதில்லை, மூன்றாம் திட்டத்திலாவது அது ஏற வேண்டும்.

தோட்டம் என்று நான் சொல்லும்போது, வாயிலில் பெயர்ப்பலகையும் நடுவில் நீரூற்றும் உள்ள மாநகராட்சிப் பூங்காவை மட்டும் மனத்தில் கொள்ளவில்லை. கோவிலையொட்டிய நந்தவனம், பழைய வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கும் முருங்கையும் வாழையும், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்து வேப்பமர வரிசை, ஆற்றங்கரையில் எஞ்சியிருக்கும் கீரைப் பாத்தி, வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் பெயின்ட் டப்பாவில் வளரும் கறிவேப்பிலை, மனைப்பிரிவுக்காரர் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோன திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். இவை தனித்தனியே சிறியவை. ஆயினும் சென்னையில் மழையைக் குடிக்கவும் வெயிலைத் தணிக்கவும் எஞ்சியிருக்கும் மண்ணில் பெரும்பகுதி இவற்றினிடத்திலேதான் இருக்கிறது.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லுகிறேன். ஏனெனில் இந்த ஊரின் சுகமும் துக்கமும் ஐப்பசி கார்த்திகை மாதங்களில்தான் தீர்மானமாகின்றன. சென்னையில் ஆண்டுதோறும் பெய்யும் சராசரி மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஆகவே ஒரு கிரவுண்டு நிலத்தின் தலையில் ஓராண்டில் சராசரியாக விழும் நீர் ஏறக்குறைய 3,12,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் அது 26 லாரி நீர். அந்தக் கிரவுண்டு முழுவதும் கட்டடமும் ஓடுபதித்த முற்றமும் ஆகிவிட்டால், சேகரிப்புத் தொட்டிக்கு வழிவிட்ட பங்கு போக மற்றதெல்லாம் தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து மழைநீர் வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து கூவத்துக்கும் அடையாற்றுக்கும், அங்கிருந்து உப்புக் கடலுக்கும் போய்ச் சேருகிறது. அதே கிரவுண்டு தோட்டமாக இருக்குமானால், ஒரு பங்கு செடிக்கும் ஒரு பங்கு காற்றுக்கும் போக, கணிசமான நீர் நிலத்தடிக்கு இறங்கி, பங்குனி சித்திரையில் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தலைகாட்டுகிறது.

இந்த இடத்தில் மிகைப்படுத்திப் பேசுவது என் கட்சிக்கே கேடு என்பதை உணர்ந்திருக்கிறேன். 2015 டிசம்பர் முதல் நாளன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அதைத் தாங்கும் சக்தி எந்தப் பூங்காவுக்கும் இருந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தைத் தோட்டங்களைக் கொண்டே தடுத்திருக்கலாம் என்று வாதிப்பவரும் அறிவுடையோர் ஆகமாட்டார். அத்தகைய மழைக்குச் சதுப்பு நிலமும், ஏரியும், ஆக்கிரமிப்பில்லாத ஆற்றுமுகமும் வேண்டும். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் மழைக்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும் தெருக்கள் நம் ஊரில் ஏராளம். அந்தச் சாதாரண மழையை எடுத்துக்கொண்டால் ஒரு கிரவுண்டில் விழுவது 11,000 லிட்டர்தான், அதை ஒரு கிரவுண்டு மண் பெரும்பாலும் தானே விழுங்கிவிடும். அதிலும் மண்ணுக்கு மண் பேதம் உண்டு. மயிலாப்பூர், பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் மணல் பெய்ததை உடனே உள்வாங்குவதோடு, அப்படி இறங்கிய நன்னீர் கடலிலிருந்து உள்ளே ஏறும் உப்புநீரைத் தடுத்து நிறுத்துகிறது. மேற்கே களிமண் பகுதிகளில் நீர் மெல்லத்தான் இறங்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கங்களில் சீக்கிரமே பாறை குறுக்கிடும். எனவே கடலோரத்தில் மூடப்படும் ஒரு கிரவுண்டு மணலும், களிமண் பகுதியில் மூடப்படும் ஒரு கிரவுண்டும் ஊருக்குச் சமமான நஷ்டம் ஆகமாட்டா. இந்த பேதத்தை நில மதிப்புப் பதிவேடு அறியாது. தங்கள் திட்டம் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் போகும்போது சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட்டுக்குச் சமம். வேர் நன்றாக ஓடி, நீரும் கிடைக்கும் ஒரு பெரிய மரம் கோடை நாளொன்றில் நூறு லிட்டர் நீரை இலைவழி விடுவது அசாதாரணமான காரியம் அல்ல. அப்படியானால் அது ஒரு பகலில் அறுபத்தேழு யூனிட் அளவுள்ள வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுகிறது. சென்னையின் காற்றிலே ஈரப்பசை மிகுதியாதலால், உள்நாட்டு ஊர்களில்போல் இந்த ஆவியாதல் உடம்புக்கு அவ்வளவு குளிர்ச்சி தந்துவிடாது என்பது மெய்யே. இங்கே மரத்தின் முதற்பெரும் உபகாரம் நிழல். தார்ச்சாலையும் சிமென்டுச் சுவரும் பகல் முழுதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவு முழுதும் கக்குவதால்தான், கத்திரி வெயில் காலத்தில் பின்னிரவிலும் புழுக்கம் அடங்குவதில்லை. அந்தச் சுவரின்மேல் வெயிலே படாதபடி மறைக்கும் மரம், கூரையின்மேல் பரப்பிய செடி, இரண்டும் அந்தக் கடனை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டி தன் சொந்தக்காரரின் அறையைக் குளிர்வித்து, வெப்பத்தை வெளியே நிற்கிறவர்மேல் தள்ளுகிறது. மரமோ சுவருக்கு அப்பால் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் முன்பின் அறியாதவருக்கும் நிழல் தருகிறது.

மற்றைய உபகாரங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக் கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் நம்பி முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்க்க, பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலதிர்வால் மகரந்தத்தை உதிர்க்கும் காட்டுத்தேனீ வேண்டும். அது கூடு வைக்க மூடப்படாத மண்ணோ, பழைய மண்சுவரோ வேண்டும். தையல்சிட்டும் தேன்சிட்டும் செம்போத்தும் இந்நகரத்தை விட்டுப் போகாமல் இருப்பது இத்தகைய சிறு தோட்டங்களின் தயவால். இதனோடு, நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் சேரும் மாநகரக் குப்பையில் பெரும்பங்கு மக்கும் பொருளாக இருக்க, அது கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளுக்கு லாரிகளில் பயணம் போகாமல், தோன்றிய தெருவிலேயே எருவாகி உபயோகப்பட வேண்டுமானால், அதை வாங்கிக்கொள்ளத் தெருவுக்கு ஒரு தோட்டமாவது இருந்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்யும் தோட்டம் நகரத்தின் கணக்கில் எந்த ஸ்தானத்தில் இருக்கிறது? வடிகாலுக்கு நீளமும் கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கின்றன. நீரேற்று நிலையத்துக்குத் திறன் எழுதப்பட்டிருக்கிறது. துணை மின்நிலையத்துக்கு வரைபடத்தில் நிரந்தரமான இடம் இருக்கிறது. பூங்காவுக்கு எழுதப்படுவது பரப்பு ஒன்றே, அதுவும் பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ். விடியற்காலையில் எழுந்து இரவு வரை வீட்டைத் தாங்கி நிற்கும் தாயின் உழைப்புக்குக் குடும்ப வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரி கூட இல்லாதிருப்பது எப்படியோ, அப்படியே தோட்டத்தின் உழைப்பும் இருக்கிறது; எழுதப்படாதது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளப்படுவதால், வேறொரு தேவை போட்டிக்கு வரும்போதெல்லாம் தோட்டமே இடம் விட வேண்டியதாகிறது. ஷெனாய் நகரிலுள்ள திரு.வி.க. பூங்காவைத் தாங்கள் அறிவீர்கள். சுரங்க ரயில் நிலையம் கட்டுவதற்காக 2011-இல் அது மூடப்பட்டு, பத்தாண்டுக்கும் மேலாக அப்பகுதி ஜனங்களுக்கு இல்லாமலே போயிற்று. முற்றிய நிழல் மரங்கள் பல போயின. மெட்ரோ ரயில் இந்நகருக்கு அவசியம் என்பதிலே எனக்கு லவலேசமும் ஐயமில்லை. ஆனால் நிலையத்துக்கு இடம் தேடியபோது, தனியார் மனைக்கு நஷ்டஈடு எவ்வளவு என்று கோடிகளில் ஒரு தொகை எதிரே நின்றிருக்கும். பூங்காவின் நிழலுக்கும் நீருக்கும் எதிரே ஒன்றும் நின்றிராது. அங்கே இன்று திரும்பவும் பூங்கா அமைந்திருப்பது சந்தோஷமே. எனினும் நிலையக் கூரையின்மேல் பரப்பிய மண், பாதாளம் வரை தொடர்ச்சியாக இருந்த பழைய மண் ஆகுமா என்ற கேள்விக்கு வேரும் நீருமே விடை சொல்லும்.

பணத்தின் பேச்சு வந்ததனால், திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை அபிவிருத்தி செய்கிறவர், சாலைக்கு விட்ட இடம் நீங்கலாக, பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கென்று தானமாக எழுதிக் கொடுத்தே தீர வேண்டும். நல்ல விதி. ஆனால் நிலம் 3,000 சதுர மீட்டருக்கு மேலும் 10,000-க்கு உட்பட்டும் இருந்தால், நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்று இன்னொரு வாசலையும் அதே விதி திறந்து வைத்திருக்கிறது. நெருக்கமான உள்நகரத்தில் பத்தாயிரம் சதுர மீட்டர் நிலம் ஒரே கையில் இருப்பது அபூர்வமாதலால், எந்தப் பகுதிக்கு மண் மிகமிக அவசியமோ அந்தப் பகுதியில்தான் இந்த இரண்டாம் வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. கட்டிய பணம் கஜானாவுக்குச் சேருகிறது. அதைக்கொண்டு வேறோரிடத்தில் நிலம் வாங்குவதாகவே வைத்துக்கொண்டாலும், கோடம்பாக்கத்துத் தெருவில் விழுந்த மழையைக் குன்றத்தூரில் வாங்கிய மண் உறிஞ்சாது, கோடம்பாக்கத்துக் குழந்தைக்கு அங்கே நிற்கும் மரம் நிழலும் தராது. தோட்டத்தின் உபகாரங்கள் யாவும் ஸ்தலத்தோடு பிணைந்தவை. விதியோ, அதன் ஒரே குணம் விலை என்பதுபோல் அதைப் பாவித்து, ரூபாயாக மாற்றி இடம் பெயர்க்கிறது.

இதனால்தான், தோட்டங்களுக்கு மதிப்பு வேண்டும் என்று கேட்கும் நான், அந்த மதிப்பை ரூபாயில் மாத்திரம் எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்கிறேன். 2017-இல் லண்டன் நகரம் தன் பூங்காக்களுக்கு ஓர் இயற்கை மூலதனக் கணக்கு எழுதி, பூங்காவுக்காகச் செலவாகும் ஒவ்வொரு பவுனுக்கும் 27 பவுன் பெறுமான நன்மை கிடைப்பதாக வெளியிட்டது. நிதி இலாகாவின் கதவைத் தட்டுவதற்கு அத்தகைய எண் மிகவும் பிரயோஜனமானது. சென்னைக்கும் அப்படி ஒன்று எழுதப்படுவதை வரவேற்பேன். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரும்பங்கு, பூங்காவின் அருகே இருக்கும் வீடுகளின் விலையேற்றத்திலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த அளவுகோலைக் கொண்டு இங்கே அளந்தால், போட் கிளப் சாலையோரத்து மரம் வியாசர்பாடியிலுள்ள மரத்தைக் காட்டிலும் பன்மடங்கு உயர்ந்ததாகிவிடும். வெயிலில் நிற்பவரின் கணக்கோ அதற்கு நேர் எதிரானது. மேலும், ஒரு பொருளுக்கு விலை எழுதிவிட்டால், அந்த விலையைக் கொடுக்க வல்லவர் அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற நியாயமும் கூடவே வந்துவிடுகிறது. பத்துச் சதவிகித நிலத்துக்குப் பதில் பணம் என்ற ஏற்பாடு அதற்குப் பிரத்தியட்சமான அத்தாட்சி. ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2021 மார்ச்சில் சூழல் அமைப்புகளுக்கான கணக்கு முறையை ஏற்றுக்கொண்டபோது, பரப்பையும் நிலைமையையும் செய்யும் பணிகளையும் இயற்கை அளவுகளிலேயே எழுதும் பகுதியைத்தான் உலகப் பொது நியமமாக அங்கீகரித்தது. பணமதிப்புப் பகுதியை அந்த நியமத்தோடு சேர்க்காமல், தனியே கொள்கைகளும் பரிந்துரைகளுமாக வைத்தது. அந்த நிதானம் நமக்கும் உகந்தது. லிட்டரில் எழுதுங்கள், நிழலின் சதுர மீட்டரில் எழுதுங்கள், மண்ணின் ஆழத்தில் எழுதுங்கள்.

இப்படி எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்று ஒருவரும் ஒதுக்கிவிடலாகாது. ஜெர்மனியின் பெர்லின் நகரம் 1990-களிலிருந்தே, உள்நகர மனைகளுக்கு ஓர் எளிய விகிதத்தை அனுஷ்டித்து வருகிறது. மனையிலுள்ள ஒவ்வொரு பரப்புக்கும் அது செய்யும் வேலைக்கு ஏற்ப ஓர் எடை கொடுக்கப்படுகிறது. நீர் புகாத சிமென்டுத் தரைக்கு எடை பூஜ்யம். இடைவெளி விட்டுப் பதித்த கல்தரைக்கு 0.3, ஓரளவு மண் தெரியும் தரைக்கு 0.5, மாடியில் மண்ணிட்டு வளர்த்த தோட்டத்துக்கு 0.7, கீழே தடையின்றி பூமியோடு தொடர்புள்ள மண்ணில் வளரும் தோட்டத்துக்கு முழுமையான 1 என்பது அதன் ஆரம்ப ஏற்பாடு. எடையிட்ட பரப்பையெல்லாம் கூட்டி மனையின் மொத்தப் பரப்பால் வகுத்தால், புதிய குடியிருப்புக்கு 0.6 வர வேண்டும். நமது ஒரு கிரவுண்டு மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 223 சதுர மீட்டரில் 150 கட்டடம், மீதி 73 முழுவதும் ஓடு பதித்தது என்றால் விகிதம் பூஜ்யம். அந்த 73 சதுர மீட்டரையும் மண்ணாக விட்டால் 0.33. அதற்கு மேல் மொட்டை மாடியில் 100 சதுர மீட்டருக்குத் தோட்டம் அமைத்தால் 70 சேர்ந்து 143 ஆகி, விகிதம் 0.64 என்று ஏறிவிடுகிறது. ஒரு சதுர அடி கட்டடத்தையும் குறைக்காமலே இது சாத்தியமாகிறது என்பதையும், இதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டுப் போக வழியில்லை என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். பெர்லினின் எண்களை அப்படியே பெயர்த்துக்கொள்ளலாகாது. அது குளிர்நாட்டு ஊர், பெய்யும் மழையும் நம்மைவிடக் குறைவு. நமது ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும், கடலோர மணலுக்கும் மேற்குக் களிமண்ணுக்கும் ஏற்ற எடைகளை இங்குள்ள பொறியியல், வேளாண்மைக் கல்லூரிகளின் ஆசிரியர்களைக் கொண்டே நிர்ணயிக்கலாம். முற்றிய நிழல் மரத்துக்குத் தனி எடை, தொட்டிச் செடிக்குக் குறைந்த எடை, கூரைமேல் பரப்பிய மண்ணுக்கு அதன் ஆழத்துக்குத் தக்க எடை என்று பிரித்துவிட்டால், திரு.வி.க. பூங்காவைப் பற்றி மேலே நான் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இந்த எடையிடும் முறை வந்தால் நம் பூங்காக்களின் உள்ளே நடக்கும் ஒரு விபரீதமும் வெளிப்படும். நடைபாதைக்கு ஓடு, உட்காரும் மேடைக்கு ஓடு, உடற்பயிற்சிக் கருவிகளின் அடியில் சிமென்டு, மரத்தைச் சுற்றிக் கழுத்தை நெரிக்கும் வட்ட மேடை என்று சேர்ந்து, பல இடங்களில் பூங்கா என்ற பெயரில் மூடிய தரை பெருகி வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தனவே, அவற்றுள் வேர் ஓட இடமின்றிச் சிமென்டால் இறுக்கப்பட்டவை எத்தனை என்பதை விழுந்த மரங்களின் வேரடியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிச்சமுள்ள இடத்திலும் சீமைப் புல்தரைக்குத்தான் மரியாதை. கோடையில் தினந்தோறும் நீர் கேட்கும் அந்தப் புல்லுக்கு நிழல் தரும் சக்தியும் கிடையாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்த ஊரில், தோட்டத்துக்கு ஏது தண்ணீர் என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாழைக்கும் முருங்கைக்கும் போவது நம் வீடுகளில் புதிதல்ல; வேப்பம், புங்கை, பூவரசு, புன்னை முதலியவை வேரூன்றிய பின் மாநகராட்சி லாரியை எதிர்பார்த்து நிற்பவையும் அல்ல. எது தோட்டம், எது தோட்டத்தின் வேஷம் என்பதைப் பரப்பு சொல்லாது, எடை சொல்லும்.

நகரமைப்பு என்னும் சாஸ்திரம் இந்த ஊருக்கு வந்த காலத்திலேயே இந்தச் சிந்தனையும் வந்திருக்கிறது. 1914-இல் கவர்னர் லார்டு பென்ட்லண்டின் அழைப்பின்பேரில் இங்கே புறப்பட்டு வந்த பேட்ரிக் கெடிஸ், தாவர சாஸ்திரப் பேராசிரியராக இருந்து நகரமைப்புக்கு வந்தவர். அவருடைய கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய அதே எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட, நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. குளங்களையும் தோட்டங்களையும் பழைய தெருக்களையும் இடித்தும் தூர்த்தும் ஒழுங்கு செய்வதை வெறுத்தவர் அவர். சில ஆண்டுகளில் நகரமைப்பாளர் லாஞ்செஸ்டரின் சென்னை நகரமைப்பு நூல் வந்தது; 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது; அதையடுத்து உருவான தியாகராய நகரில், பனகல் பூங்காவை நடுநாயகமாக வைத்து அதிலிருந்து வீதிகள் கிளம்பும்படி அமைத்தார்கள். பூங்காவை முதலில் வரைந்து வீதியைப் பின்னர் வரைந்த அந்தப் பண்பு போற்றத்தக்கது. ஆனால் அந்த நகரத்துக்காக மாம்பலத்துப் பெரிய ஏரியை வற்றச் செய்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. பூங்காவின் அழகை அறிந்திருந்த அவர்கள், ஏரியின் வேலையை எழுதி வைத்திருக்கவில்லை. இன்று அங்கே மழைக்காலத்தில் நிற்கும் நீர் அந்த ஏரியின் பழைய படுகையைத்தான் தேடி நிற்கிறது.

இனி, தோட்டங்களின் பெயரால் நேரக்கூடிய ஓர் அநீதியைக் குறித்து எச்சரிக்க வேண்டியது என் கடமை. மாநகராட்சிப் பூங்காக்களை மட்டும் கணக்கிட்டால் சென்னையில் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான் தேறும் என்கிறார்கள். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரமைப்பு வழிகாட்டு நெறிகள் கேட்பதோ பத்து முதல் பன்னிரண்டு. அந்த ஒரு மீட்டரும் சமமாகப் பங்கிடப்பட்டதன்று. தெற்கே கிண்டி வனமும், பிரம்மஞான சபையின் பெருந்தோட்டமும், தொல்காப்பியப் பூங்காவும் இருக்க, தொழிற்சாலைப் புகையை அதிகம் சுவாசிக்கும் தண்டையார்பேட்டை, எண்ணூர், வியாசர்பாடிப் பக்கங்களில் நிழலே அருமையாக இருக்கிறது. ஆதலால் நகர முழுமைக்கும் ஒரு சராசரியை எழுதித் திருப்தியடையாமல், வார்டு வார்டாக எழுத வேண்டும். அதைக் காட்டிலும் முக்கியமானது, ஆற்றங்கரையைப் பசுமையாக்குகிறோம் என்று சொல்லி அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து அனுப்பியதை மறுபடியும் செய்யாதிருப்பது. பிழைப்பையும் பள்ளியையும் பறிகொடுத்து அவர்கள் போய்ச் சேர்ந்தது, மழை வந்தால் வெள்ளம் புகும் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு. அம்மக்களின் துயரத்தின்மேல் நடப்படும் மரத்தை நகரத்தின் லாபக் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

ஜனங்கள் இந்தக் காரியத்துக்கு ஆயத்தமாகவே இருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், அடையாற்றின் கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 2006 முதல் தொண்டர்கள் நட்டு வளர்த்து ஆக்கிய கோட்டூர்புரம் மரப்பூங்காவைச் சென்று பார்க்கலாம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுத்தபோது வாங்க வந்தவர்களில் வாடகை வீட்டுக்காரர்களும் உண்டு. மாநகராட்சியும் சில ஆண்டுகளாக மழைநீரைத் தேக்கி உள்ளிறக்கும் ஸ்பாஞ்ச் பூங்காக்களை அமைத்து வருகிறது. பூங்காவை நீர்நிலைச் சாதனமாகக் கருதிய அந்த முயற்சி மனமாரப் பாராட்டத்தக்கது. இவையெல்லாம் ஆங்காங்கே ஆர்வத்தாலும் உத்தரவாலும் நடப்பவை. ஆர்வலர் வீடு மாறினால், அதிகாரி மாற்றலாகிப் போனால், இவை நிற்க ஆதாரம் வேண்டாமா? முழுமைத் திட்டத்தில் எழுதப்பட்டதே சட்டத்தின் பலம் பெறும். 1991-இல் பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்த உத்தரவை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தபோது, அத்தீர்ப்புக்கு ஆதாரங்களுள் ஒன்றாக நின்றது, திட்டத்தில் அந்த இடம் பூங்கா என்று எழுதப்பட்டிருந்ததுதான்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன இவை. வடிகாலையும் நீர்த்தேக்கத்தையும்போல் தோட்டங்களையும் பொது வசதி என்ற பிரிவில் சேர்த்து, ஒவ்வொன்றின் பரப்போடு, அதன் மண்வகை, மூடாத நிலத்தின் அளவு, நிழல் தரும் மரங்கள், ஓராண்டில் உள்வாங்கக்கூடிய நீர் ஆகியவற்றையும் ஓர் அட்டவணையாகத் திட்டத்தோடு இணைக்க வேண்டும். புதிய கட்டடங்களுக்கு மேலே சொன்ன எடையிட்ட விகிதத்தை விதியாக்க வேண்டும். நெருங்கிய வார்டுகளில் திறந்தவெளிக்குப் பதில் பணம் என்ற வழியை அடைத்துவிட வேண்டும். தவிர்க்கவே முடியாமல் ஒரு தோட்டம் வேறு பொதுக்காரியத்துக்கு எடுக்கப்படுமானால், அது செய்துவந்த வேலை முழுவதும் அதே மழைநீர் வடியும் எல்லைக்குள், வேலை தொடங்குமுன்பே, வேறிடத்தில் ஈடுசெய்யப்பட வேண்டும். எல்லை விரிந்ததால் உள்ளே வந்திருக்கும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டத்துக் கிராமங்களின் தோப்புகளும் ஏரிக்கரைத் தோட்டங்களும் மனைகளாக மாறுமுன் இந்த அட்டவணையில் ஏறிவிடுவது மிகவும் அவசரமான காரியம்; உள்நகரத்தில் நாம் மீட்க முயல்வது அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

வரைவுத் திட்டம் வெளியாகி ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் கேட்கப்படும் நாளில், அந்த அட்டவணை தமிழில், வார்டு வாரியாக, மண்டல அலுவலகங்களிலும் கிளை நூலகங்களிலும் ஊராட்சி மன்றங்களிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தங்கள் தெருப் பூங்காவின் மண்ணும் மரமும் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நேரில் சென்று பார்த்து, விடுபட்டதைச் சேர்க்கவும் பிழையைத் திருத்தவும் முன்வருவோர் ஒவ்வொரு வார்டிலும் உண்டு. என்னுடைய வார்டில் அந்தச் சரிபார்க்கும் வேலையை ஏற்றுக்கொள்ள நான் இப்பொழுதே சம்மதம் தெரிவித்துக்கொள்ளுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சென்னை நகரவாசி ஒருவர்